உலாவியை நீக்கி மறுபடி நிறுவியும் விளம்பரச் சாளரங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. இவற்றை முழுமையாக ஒழிப்பது எப்படி?

வீட்டுக் கணினியில் குரோம் உலாவியைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும் சூதாட்டம், உடனடிக் கடன், போலி வைரஸ் எச்சரிக்கை என்று விளம்பரங்கள் வந்துகொண்டே இருப்பதாகவும், உலாவியை இரண்டு முறை நீக்கி நிறுவியும் பயனில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். பயனில்லாமல் போனதில் வியப்பில்லை. குரோமை நீக்கும்போது உலாவல் தரவையும் சேர்த்து அழிப்பதற்கான சிறு கட்டத்தில் குறியிடாவிட்டால், நீட்சிகளும் (உலாவியோடு நாம் சேர்த்துக்கொள்ளும் எக்ஸ்டென்ஷன் என்னும் சிறு நிரல்கள்) அனுமதிகளும் அடங்கிய கோப்புறை அப்படியே வட்டில் தங்கிவிடும். குறியிட்டு அழித்தாலும், கூகுள் கணக்கில் மறுபடி நுழைந்ததும் சிங்க் எனப்படும் ஒத்திசைவு பழைய நீட்சிகளைத் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிடக்கூடும். இவ்விரண்டையும் நீங்கள் தடுத்துவிட்டாலும், விளம்பரத்தைத் திறக்கும் கட்டளை உலாவிக்கு வெளியே, விண்டோஸிலேயே குடியேறியிருந்தால், உலாவியை எத்தனை முறை மாற்றினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. ஆகவே எதையும் அழிப்பதற்கு முன், விளம்பரம் எந்த நேரத்தில், எந்தச் செயலுக்குப் பின் வருகிறது என்பதை அரைநாள் கவனிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இந்தப் பாடத்தை எனக்குக் கற்பித்தவர் என் மாமனார். ஓய்வுபெற்ற தமிழாசிரியரான அவர், பல ஆண்டுகளுக்கு முன் டிடிபி கடையில் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்து வாங்கிய தம் ஊர்க் கோயில் வரலாற்றை யூனிகோடுக்கு மாற்ற விரும்பி, இணையத்தில் தேடி ஒரு மாற்றியைத் தரவிறக்கியிருக்கிறார். அந்தப் பக்கத்தில் 'டவுன்லோட்' என்று நான்கு பொத்தான்கள் இருந்திருக்கின்றன. அவற்றுள் மிகப் பெரியதும் பச்சையானதும்தான் விளம்பரம் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? மறுநாளிலிருந்து தொல்லை தொடங்கியது. நான் தொலைபேசியில் நோட்டிஃபிகேஷனை அணையுங்கள், நீட்சியை நீக்குங்கள் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவரோ பொறுமையாக, "மாப்பிள்ளை, நான் நேரத்தைக் குறித்து வைத்திருக்கிறேன், படிக்கட்டுமா?" என்றார். 10.07, 10.37, 11.07, 11.37. இடையிடையே ஒழுங்கில்லாத வேறு சில நேரங்களும் இருந்தன. அந்தப் பட்டியலைக் கேட்டவுடனேயே அவர் கணினியில் இருப்பது ஒன்றல்ல, இரண்டு வெவ்வேறு தொல்லைகள் என்பது புரிந்துவிட்டது.

ஒழுங்கில்லாமல் வந்தவை திரையின் வலது கீழ் மூலையில் சிறு பெட்டியாக வருபவை. இவை பெரும்பாலும் வைரஸே அல்ல. நாம் அறியாமல் கொடுத்த அனுமதியின் விளைவு. படம் பார்க்கவோ கோப்பை இறக்கவோ போகும் பக்கத்தில், 'நீங்கள் ரோபோ அல்ல என்று நிரூபிக்க அலோ என்பதை அழுத்துங்கள்' என்று ஒரு பொய்ச் சோதனை வரும். அழுத்தியதும் அந்தத் தளம் உங்களுக்கு அறிவிப்பு அனுப்பும் உரிமையைப் பெற்றுவிடும். குரோம் சாளரத்தை மூடினாலும் பின்னணியில் இயங்க அதற்கு அனுமதி இருக்குமானால், அறிவிப்புகள் தொடர்ந்து வந்துகொண்டிருக்கும். பெயர்பெற்ற வைரஸ் தடுப்பு நிறுவனத்தின் சின்னத்தைப் போட்டு 'உங்கள் கணினியில் ஐந்து வைரஸ்கள்' என்று வந்தாலும், அந்தப் பெட்டிக்குள் சிறிய எழுத்தில் அதை அனுப்பிய தளத்தின் முகவரி இருக்கும். அதைப் படித்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும். குரோமின் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி', அதற்குள் 'சைட் செட்டிங்ஸ்', அதற்குள் 'நோட்டிஃபிகேஷன்ஸ்' என்று சென்று, அனுமதி பெற்ற தளங்களில் உங்களுக்குத் தெரியாதவை அனைத்தையும் தடைப் பட்டியலுக்கு மாற்றிவிட வேண்டும். இனி எந்தத் தளமும் அறிவிப்புக்கு அனுமதி கேட்கவே கூடாது என்னும் தெரிவையும் அங்கேயே போட்டுவிடலாம். வீட்டுக் கணினிக்கு இதனால் இழப்பு எதுவும் இல்லை என்பது என் கருத்து. உங்கள் தொல்லை இந்த வகை மட்டுமே என்றால், இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

எந்த இணையப் பக்கத்தைத் திறந்தாலும், எங்கே சொடுக்கினாலும் புதிய தாவல் ஒன்று விளம்பரத்துடன் திறந்தாலோ, நீங்கள் தேடுவது வேறொரு தேடுதளத்துக்குத் திருப்பிவிடப்பட்டாலோ, நீட்சியைச் சந்தேகிக்க வேண்டும். நீங்கள் நிறுவாத நீட்சியாகத்தான் அது இருக்க வேண்டும் என்பதில்லை. தாவல்களை உறங்க வைக்கும் 'தி கிரேட் சஸ்பெண்டர்' என்னும் நீட்சியை 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பயன்படுத்தி வந்தனர். அதை உருவாக்கியவர் 2020இல் வேறொருவருக்கு விற்றுவிட, புதிய உரிமையாளரின் கையில் அது தடம் மாறியது. 2021 பிப்ரவரியில் தீங்கான நிரல் இருப்பதாகக் கூறி கூகுளே அதை எல்லோருடைய உலாவியிலும் முடக்கியது. பல ஆண்டுகளாக நல்லபடியாக இயங்கிய நீட்சி என்பதற்காக அதை விசாரணையிலிருந்து விட்டுவிடாதீர்கள். எல்லா நீட்சிகளையும் ஒருசேர அணைத்துவிட்டு, விளம்பரம் நிற்கிறதா என்று பார்த்தபின், ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்ப்பதே நம்பகமான வழி.

நீட்சிக்கு எதிரே 'ரிமூவ்' பொத்தான் வேலை செய்யாமல் மங்கிக் கிடந்தாலோ, குரோமின் மூன்று புள்ளிப் பட்டியலின் அடியில் உலாவி உங்கள் நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது என்று எழுதியிருந்தாலோ, நிலைமை சற்றுத் தீவிரமானது. அலுவலகங்கள் தம் ஊழியர் கணினிகளில் சில நீட்சிகளைக் கட்டாயமாக்குவதற்கு என்று உள்ள வசதியை, ஆட்வேர் எனப்படும் விளம்பரத் தீநிரல் தனக்குப் பயன்படுத்திக்கொள்கிறது. முகவரிப் பட்டையில் ஆங்கிலத்தில் குரோம் என்று எழுதி, முக்காற்புள்ளியும் இரண்டு சாய்கோடுகளும் இட்டு, பாலிசி என்ற சொல்லைச் சேர்த்து எண்டர் அழுத்தினால், நடைமுறையில் உள்ள கட்டாய விதிகள் பட்டியலாக வரும். அதில் 'எக்ஸ்டென்ஷன் இன்ஸ்டால் ஃபோர்ஸ்லிஸ்ட்' என்னும் விதியும், அதன் எதிரே 32 எழுத்துகள் கொண்ட அடையாளமும் இருந்தால், அந்த அடையாளத்தை நீட்சிப் பக்கத்தில் உள்ளவற்றுடன் ஒப்பிட்டுப் பாருங்கள்; குற்றவாளி அகப்பட்டுவிடும். இந்த விதி, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில், லோக்கல் மெஷின் அல்லது கரண்ட் யூசர் கிளையில், சாஃப்ட்வேர், பாலிசிஸ், கூகுள், குரோம் என்னும் வரிசையில் இருக்கும். அந்தக் கிளையை முதலில் எக்ஸ்போர்ட் செய்து ஒரு படி எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு அந்த விதியை மட்டும் அழியுங்கள். சில வைரஸ் தடுப்பு மென்பொருள்களும் இதே முறையில் விதிகள் இடுவதுண்டு. நிர்வகிக்கப்படுகிறது என்ற வாசகத்தைப் பார்த்த மாத்திரத்தில் பதறிவிட வேண்டாம். அலுவலகம் கொடுத்த மடிக்கணினி என்றால் இதில் கை வைக்கவே வேண்டாம்.

இனி மாமனாரின் 10.07, 10.37க்கு வருகிறேன். மனிதன் எதையும் சொடுக்காதபோது, சரியாக அரைமணிக்கு ஒருமுறை உலாவி தானே திறந்துகொள்கிறது என்றால், அதற்கு யாரோ அட்டவணை போட்டிருக்கிறார்கள் என்று பொருள். விண்டோஸின் தொடக்கப் பட்டியலில் 'டாஸ்க் ஷெட்யூலர்' என்று தேடித் திறந்தால், இடப்பக்கம் அதன் நூலகம் இருக்கும். மைக்ரோசாஃப்ட் என்னும் உட்கோப்புறையில் உள்ளவை விண்டோஸுக்கு உரியவை. பெரும்பாலும் அங்கே தேட வேண்டிய தேவை இராது. நூலகத்தின் மேல்மட்டத்தில் உள்ள ஒவ்வொரு பணியையும் தேர்ந்தெடுத்து, 'டிரிக்கர்ஸ்' தாவலில் அது எப்போது இயங்குகிறது என்றும், 'ஆக்ஷன்ஸ்' தாவலில் எதை இயக்குகிறது என்றும் படிக்க வேண்டும். பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. மாமனாரின் கணினியில் இருந்த பணிக்கு ஏதோ அப்டேட் என்றுதான் பெயர். 30 நிமிடத்துக்கு ஒருமுறை, முடிவில்லாமல் என்று டிரிக்கர் இருந்தது. ஆக்ஷனிலோ செயலிகள் தம் தரவை வைக்கும் ஆப்டேட்டா என்னும் அவருடைய கோப்புறைக்குள் இருந்த ஒரு நிரலின் பெயரும், அதன் பின்னால் ஓர் இணைய முகவரியும் இருந்தன. உண்மையான அப்டேட்டுக்கு விளம்பர முகவரியிடம் என்ன வேலை? அந்த நிரலின் முழுப் பாதையையும் தாளில் எழுதிக்கொண்டு, பணியை முதலில் முடக்கி, அடுத்த அரைமணி நேரம் காத்திருந்தோம். 11.37க்குப் பிறகு 12.07க்கு எதுவும் வரவில்லை. அதன் பின்னரே பணியையும், அந்தக் கோப்புறையையும் அழித்தோம்.

இந்த உத்தி புதிதல்ல. 2022 தொடக்கத்தில் பரவத் தொடங்கிய குரோம்லோடர் என்னும் தீநிரல், திருட்டு விளையாட்டுகளும் படங்களும் என்று சொல்லிக்கொண்ட ஐஎஸ்ஓ எனப்படும் வட்டு நகல் கோப்புகளின் வழியே நுழைந்து, இதே ஷெட்யூலரில் ஒரு பணியைப் போட்டுக்கொண்டு, விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல் மூலம் தன் நீட்சியைக் குரோமில் ஏற்றியது. நீட்சிப் பக்கத்தைத் திறக்கப் போனால் பயனரை வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடும் வேலையையும் சேர்த்தே செய்தது. நீட்சியை மட்டும் நீக்கியவர்களுக்கு அது மறுபடி மறுபடி முளைத்ததற்குக் காரணம் இந்தப் பணிதான்.

ஆகவே அழிக்கும் வரிசை முக்கியம். இணையத் தொடர்பைத் துண்டியுங்கள். குரோமில் ஒத்திசைவை அணையுங்கள். ஷெட்யூலர் பணியை முடக்குங்கள். பிறகு விண்டோஸின் செயலிப் பட்டியலை நிறுவிய தேதிவாரியாக அடுக்கி, தொல்லை தொடங்கிய நாளையொட்டி வந்தவற்றுள் நீங்கள் அறியாதவற்றை நீக்குங்கள். அதன் பிறகு ரெஜிஸ்ட்ரி விதி, கடைசியாக நீட்சி. தலைகீழாகச் செய்தால், நீங்கள் நீட்சியை நீக்கிக்கொண்டிருக்கும்போதே பணி அதை மறுபடி ஏற்றிவிடும். குரோம் குறுக்குவழியின் (ஷார்ட்கட்) 'பிராப்பர்ட்டீஸ்' சாளரத்தில் 'டார்கெட்' பெட்டியையும் ஒருமுறை பாருங்கள். நிரலின் பெயருக்குப் பின் ஏதேனும் இணைய முகவரி ஒட்டிக்கொண்டிருந்தால் அதை மட்டும் அழித்துவிடுங்கள். இணையப் போக்குவரத்தை இடையில் வேறொரு கணினி வழியே அனுப்பும் விண்டோஸின் ப்ராக்ஸி அமைப்பில் நீங்கள் இடாத முகவரி எதுவும் இருக்கக் கூடாது.

கையால் செய்ய வேண்டியதைச் செய்தபின் ஒரு கருவியை ஓட்டிப் பார்ப்பது நல்லது. மால்வேர்பைட்ஸ் நிறுவனத்தின் ஆட்வ்கிளீனர் இலவசமானது, நிறுவாமலேயே இயங்கும், ஆட்வேருக்கென்றே உருவானது. அதை அந்த நிறுவனத்தின் தளத்துக்கே சென்று எடுங்கள். தேடுபொறியில் 'ஆட்வேர் ரிமூவர்' என்று தேடி மேலே வரும் விளம்பரத்தைச் சொடுக்கினால் இன்னோர் ஆட்வேருடன் திரும்பி வரும் வாய்ப்பு உண்டு. விண்டோஸுடன் வரும் டிஃபெண்டரில், நம்பகத்தன்மை சார்ந்த பாதுகாப்பு என்னும் பகுதிக்குள், விரும்பத்தகாத செயலிகளைத் தடுக்கும் தெரிவு உள்ளது. அது இயங்குகிறதா என்று பாருங்கள். அதன் ஆஃப்லைன் ஸ்கேன் கணினியை மறுதொடக்கம் செய்து, விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே சோதிப்பதால், ஒளிந்திருப்பவற்றையும் பிடிக்க வாய்ப்பு அதிகம். பழைய வழிகாட்டிகள் சில, குரோமுக்குள்ளேயே இருக்கும் துப்புரவுக் கருவியை இயக்கச் சொல்லும். அதைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள், கூகுள் அதை 2023 மார்ச் மாதத்திலேயே நீக்கிவிட்டது.

வீட்டில் உள்ள கைபேசிகளிலும், வைஃபையில் இணைந்திருக்கும்போது மட்டும், இதே விளம்பரங்கள் வருகின்றனவா என்று கேட்டுப் பாருங்கள். வருமானால் கணினியை விட்டுவிட்டு ரூட்டரின் டிஎன்எஸ் அமைப்பை, அதாவது தளத்தின் பெயரை அதன் எண் முகவரியாக மாற்றித் தரும் வழங்கி எது என்பதைச் சோதிக்க வேண்டும். கணினிகளின் டிஎன்எஸ் அமைப்பை மாற்றி விளம்பர வருவாய் பார்த்த டிஎன்எஸ்சேஞ்சர் கும்பலை அமெரிக்காவின் எஃப்பிஐ 2011 நவம்பரில் முறியடித்தபோது, ஏறத்தாழ 40 லட்சம் கணினிகள் பாதிக்கப்பட்டிருந்தன. பாதிக்கப்பட்டவர்களின் இணையம் ஒரேயடியாக அறுந்துவிடாதிருக்க, மாற்று டிஎன்எஸ் வழங்கிகளை 2012 ஜூலை 9 வரை நடத்த வேண்டியதாயிற்று. ரூட்டரில் சந்தேகம் இருந்தால் அதைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்து, நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றிவிடுவதே எளிது. அதற்கு முன் உங்கள் இணையச் சேவையாளர் கொடுத்த இணைப்பு விவரங்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாத் தளங்களிலும் உங்கள் தரவைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி பெற்ற நீட்சி, நீங்கள் வங்கித் தளத்தில் தட்டச்சு செய்ததையும் பார்த்திருக்க முடியும். எனவே மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை வேறொரு சுத்தமான கருவியிலிருந்து மாற்றிவிடுங்கள். திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு மைக்ரோசாஃப்ட் பெயரில் தொலைபேசி எண்ணுடன் எச்சரிக்கை வந்திருந்தால் அது மோசடியே. மைக்ரோசாஃப்டின் பிழைச் செய்திகளில் தொலைபேசி எண் இருப்பதில்லை. வீட்டில் யாராவது அந்த எண்ணை அழைத்துப் பணம் கொடுத்திருந்தால், நீங்கள் இந்தியாவில் இருப்பவராயின், 1930 என்னும் சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள். அங்கே தாமதம் கூடக்கூடப் பணம் திரும்பும் வாய்ப்புக் குறையும்.

மாமனாரின் கோயில் வரலாற்றை எந்த மென்பொருளும் நிறுவாமல், உலாவியிலேயே ஒட்டி மாற்றும் பக்கம் ஒன்றில் யூனிகோடாக மாற்றிக் கொடுத்தேன். அவர் அதன் பிறகும் ஒரு வாரம் நேரம் குறிப்பதை நிறுத்தவில்லை. அடுத்த முறை சென்றபோது நோட்டைக் காட்டினார். ஏழு நாள்களுக்கும் தேதி போட்டு எதிரே கோடு இழுத்திருந்தார்; வியாழக்கிழமைக்கு எதிரே மட்டும் 4.20 என்று இருந்தது. போய்ப் பார்த்தால், கணினியை மறுதொடக்கம் செய்யச் சொல்லி விண்டோஸ் அனுப்பிய உண்மையான அறிவிப்பு அது. நான்கு நாளாக அதைத் தொடாமல் அப்படியே வைத்திருந்தார்.