எல்லாக் குழுவையும் விட வேண்டாம், இரண்டை வைத்துக்கொள்ளுங்கள்

கேள்வி: கணவருக்கு மாற்றல் வந்து, திருநெல்வேலியில் இருந்து சென்னை பள்ளிக்கரணைக்குக் குடிவந்து இரண்டு மாதம் ஆகிறது. மகன் மூன்றாம் வகுப்பு. இங்கே யாரையும் தெரியாது. ஊர் பழகட்டும் என்று ஆறு வாட்ஸ்அப் குழுக்களிலும் ஒரு ஃபேஸ்புக் குழுவிலும் சேர்ந்தேன். மழைக்கு முன்னால் வேறு வீடு வேண்டும், வீட்டு வேலைக்கு ஓர் அக்கா வேண்டும் என்று நம்பரோடு பதிவு போட்டேன். அன்றைக்கே முப்பது அழைப்புகள். ஒருவர் ஓடிபி கேட்டார், கொடுக்கவில்லை. எல்லாவற்றையும் விட்டு வெளியே வா என்கிறார் கணவர். விலகிவிடலாமா?

பதில்: விலக வேண்டாம். ஆனால் ஆறும் வேண்டாம். உங்கள் குடியிருப்பின் குழு ஒன்று, மகனுடைய வகுப்புப் பெற்றோர் குழு ஒன்று. இவற்றில் இருப்பவர்களை மாடிப்படியிலோ பள்ளி வாசலிலோ நேரில் பார்க்கலாம். மற்ற நான்கையும் இன்றே விட்டுவிடுங்கள். ஃபேஸ்புக் குழு இருக்கட்டும், அதற்கு வேறு வேலை இருக்கிறது.

முதலில் அந்த ஓடிபி. 'குழுவில் சேர்க்க ஆறு இலக்க எண் வந்திருக்கும், சொல்லுங்க மேடம்' என்பார்கள். சொன்ன நிமிடமே உங்கள் வாட்ஸ்அப் அவர் கைக்குப் போய்விடும். ஊரில் இருக்கும் சித்திக்கும் மாமாவுக்கும் உங்கள் பெயரிலேயே 'அவசரமா இருபதாயிரம் வேணும்' என்று செய்தி போகும். கொடுக்காததால் தப்பித்தீர்கள். வாட்ஸ்அப் அமைப்புகளில் இரண்டு படிச் சரிபார்ப்பைப் போட்டுவிடுங்கள். அப்படியே தனியுரிமைப் பகுதிக்குப் போய், உங்களைக் குழுக்களில் யார் சேர்க்கலாம் என்ற இடத்தில் 'எனது தொடர்புகள்' என்று மாற்றுங்கள். இரண்டுக்கும் சேர்த்து ஐந்து நிமிடம் ஆகும்.

முப்பது அழைப்பு எப்படி வந்தது? வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் எல்லோருக்கும் உங்கள் நம்பர் தெரியும். 'நம்ம ஏரியா மக்கள்' என்ற மாதிரிப் பெயர் வைத்த பல குழுக்களை நடத்துவது மக்கள் இல்லை, வீட்டுத் தரகர்கள். கண்டுபிடிப்பது சுலபம்: வேறு யாராவது 'எங்கள் வீடு வாடகைக்கு' என்று போட்டால் அட்மின் உடனே அதை நீக்குவார். 'புரோக்கரேஜ் கிடையாது' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பேசினால் வீட்டைப் பார்க்க 500 ரூபாய், ஓனர் நம்பர்கள் அடங்கிய லிஸ்டுக்கு 1,500 ரூபாய் என்பார். அந்த லிஸ்டில் பாதி வீடு எப்போதோ ஆள் வந்த வீடாக இருக்கும். ஒரு மாத வாடகை என் கமிஷன் என்று முகத்துக்கு நேரே சொல்லும் தரகர் இவர்களைவிட எவ்வளவோ மேல்.

போன வருடம் ஒரு பெண் இப்படி வந்த வீட்டுப் படங்களை என்னிடம் காட்டினார். மேடவாக்கத்தில் வீடு என்று சொல்லியிருந்தார்கள். ஹால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், ஃபிரிட்ஜுக்கு மேலே மலையாள நாட்காட்டி தொங்குகிறது. அது எந்த ஊர் வீடோ! அதற்குள் டோக்கன் அட்வான்ஸ் இருபதாயிரத்தை ஜிபேயில் அனுப்பிவிட்டிருந்தார். காவல் நிலையத்துக்குப் போனால் இது சைபர் கிரைம், அங்கே போங்கள் என்றார்கள். அங்கே போனால் முதலில் ஆன்லைனில் புகார் பதியுங்கள் என்றார்கள். இந்த அலைச்சலில் ஒன்றரை நாள் போயிற்று. பணம் கைமாறிப் போகாமல் நிறுத்தக் கிடைப்பது முதல் சில மணி நேரம்தான் என்பது அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் தெரியும். தெரிந்தும் அலையவிடுகிறார்கள் என்பதுதான் என்னால் பொறுக்க முடியாதது. அதனால் பணம் போய்விட்டால் நிலையத்துக்குக் கிளம்பும் முன்பே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

வீட்டை நேரில் பார்க்காமல், ஓனரை நேரில் பார்க்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். இதற்கு ஒரு விலக்கு உண்டு, உங்கள் பகுதியில் அடிக்கடி வரும் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். ஓனர் உண்மையிலேயே வெளிநாட்டில் இருப்பார், அவருடைய அப்பாவோ மச்சானோ வீட்டைக் காட்டுவார். அப்போது சொத்து வரி ரசீதையும் மின் கட்டண ரசீதையும் கேளுங்கள், இரண்டிலும் பெயர் ஒத்துப்போக வேண்டும். ஓனரோடு வீடியோ காலில் பேசுங்கள். பணம் அதே பெயரில் உள்ள வங்கிக் கணக்குக்குத்தான் போக வேண்டும், காட்டியவரின் ஜிபேக்கு இல்லை. ஓனர் சார்பில் வேறொருவர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் அதிகாரப் பத்திரத்தின் (பவர் ஆஃப் அட்டர்னி) நகல் வேண்டும். வருமான வரிக் கணக்கில் அவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால், வாடகையில் வரி பிடித்துக் கட்டும் பொறுப்பு உங்களுடையது, வாடகை சிறிதானாலும். இதை எந்தக் குழுவிலும் சொல்ல மாட்டார்கள். ஒரு ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அட்வான்ஸ் எவ்வளவு என்று குழுவில் கேட்டால் பத்து மாதம் என்பார்கள். 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் சொல்வது மூன்று மாத வாடகை. அதைச் சொல்லிப் பேரம் பேசுங்கள்.

இப்போது ஃபேஸ்புக் குழு. அதில் பழைய பதிவுகளைத் தேடலாம். பார்க்கப்போகும் தெருவின் பெயரைப் போட்டு 2023 டிசம்பர் பதிவுகளுக்குப் போங்கள். மிக்ஜாம் புயலின்போது தெருவில் போட் ஓடியதா, முழங்கால் அளவு தண்ணீரா என்று அந்தத் தெருக்காரர்களே படம் போட்டிருப்பார்கள். 'இங்கே தண்ணியே நிக்காது' என்று சொல்லாத தரகர் இல்லை. குடிவருகிறவருக்குப் புரிகிற மாதிரி இதைச் சொல்ல ஓர் அலுவலகமாவது இருந்தால் ஃபேஸ்புக்கைக் கிளறும் வேலை நமக்கு எதற்கு? நேரில் போகும்போது கரண்ட் மீட்டர் பெட்டியைப் பாருங்கள். பழைய ஆணித் துளைகள் கீழே இருக்க, பெட்டி மட்டும் மேலே ஏறியிருந்தால் அங்கே தண்ணீர் வந்திருக்கிறது.

வேலைக்கு ஆளைக் குழுவில் தேடாதீர்கள். கீழே அயர்ன் வண்டி வைத்திருக்கும் அண்ணனைக் கேளுங்கள், எந்த அக்கா எந்த வீட்டில் எத்தனை வருடமாக வேலை செய்கிறார் என்று அவருக்குத் தெரியும்.

பழக ஆள் வேண்டும் என்றால், 'நான் புதுசு, யாரையும் தெரியாது' என்று எழுதாதீர்கள். ஏமாற்றுபவர் தேடுவது அந்த வரியைத்தான். பெற்றோர் குழுவில், 'நல்ல இட்லி மாவு எங்கே கிடைக்கும்?' என்று கேளுங்கள். நாலு பேர் பதில் சொல்வார்கள், ஒருவராவது 'எங்க வீட்டுப் பக்கம்தான், வாங்க' என்பார். மறுநாள் பள்ளி விடும் நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே போய், வாசலில் அவரைத் தேடிப்பிடித்துப் பேசுங்கள்.