மார்பகத் தொய்வுக்கு அறுவை சிகிச்சை: எப்போது அது மருத்துவத் தேவை? கேட்டவர்களுக்குப் பதில்கள்

பிளாஸ்டிக் சர்ஜரி வார்டில் செவிலியராக இருக்கிறேன். தொங்கிய மார்பகத்தை உயர்த்தி வைக்கும் அறுவை சிகிச்சை, எல்லோரும் பிரெஸ்ட் லிஃப்ட் என்கிறார்களே, அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு எழுதுகிறேன்.

அக்கா, எனக்கு மார்பு ரொம்பப் பெரிது. கழுத்து, தோள், முதுகு எல்லாம் வலிக்கிறது, பிராப் பட்டை தோளில் பள்ளமே போட்டுவிட்டது. லிஃப்ட் செய்தால் வலி போகுமா?

லிஃப்ட் மட்டும் செய்தால் பெரும்பாலும் போகாது, தங்கச்சி. உங்களுக்கு வலி கொடுப்பது எடை. லிஃப்டில் மிஞ்சிய தோலை எடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் திசுவைத் திரட்டி, முலைக்காம்பை மேலே கொண்டுவந்து தைப்பார்கள், திசுவின் எடை ஏறக்குறைய அப்படியே இருக்கும். நீங்கள் கேட்க வேண்டியது மார்பகக் குறைப்பு அறுவை சிகிச்சை. அதில் எடையும் குறையும், உயர்த்துவதும் கூடவே நடந்துவிடும். டாக்டரிடம் போய் "லிஃப்ட் வேண்டும்" என்று ஆரம்பிக்காதீர்கள். எங்கே வலிக்கிறது, எத்தனை மாதமாக, எந்த வேலை செய்ய முடியவில்லை என்று சொல்லுங்கள், எந்த ஆபரேஷன் என்பதை அவர் சொல்லட்டும். அதற்கு முன்னால் அளவெடுத்துச் சரியான பிரா போட்டுப் பாருங்கள், அளவு தவறான பிராவாலேயே வலி கூடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

மார்புக்கு அடியில் மடிப்பில் சிவந்து, அரித்து, சில சமயம் நாற்றமும் வருகிறது. வெளியே சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

கூச்சப்படாதீர்கள், இதை வருடக்கணக்கில் மறைத்து வைத்துவிட்டு, தோல் வெடித்துப் புண்ணான பிறகு வருகிறவர்களைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கும். நீங்கள் அழுக்காக இருப்பதால் வருவதில்லை. தோலும் தோலும் ஒட்டி, வியர்வை காயாமல், உரசி உரசிப் புண்ணாகிறது, அந்த ஈரத்தில் கேண்டிடா என்கிற பூஞ்சை வளர்ந்துவிடுகிறது. கழுவி, தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு டாக்டர் தரும் பூஞ்சைக் களிம்பைப் போடுங்கள், மடிப்பில் மெல்லிய பருத்தித் துணி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கடையில் நீங்களாக ஸ்டீராய்டு களிம்பு வாங்கிப் போடாதீர்கள், சிவப்பு அடங்கின மாதிரி தெரியும், பூஞ்சை உள்ளே பரவிக்கொண்டிருக்கும். சர்க்கரையும் பார்த்துவிடுங்கள், சர்க்கரை கூடியிருந்தால் இது ஆறவே ஆறாது. இவ்வளவும் ஒழுங்காகச் செய்தும் திரும்பத் திரும்ப வந்தால், அப்போது அந்த மடிப்பை இல்லாமல் செய்வதற்கு மருத்துவக் காரணம் இருக்கிறது. ஒவ்வொரு முறை வரும்போதும் தேதியோடு படம் எடுத்து, மருந்துச் சீட்டையும் பத்திரமாக வையுங்கள். காப்பீடு கேட்கும்போது அதுதான் பேசும்.

உடல் எடை நிறையக் குறைத்துவிட்டேன். மார்பு வெறும் தோல் பை மாதிரி தொங்குகிறது, ஓடினால் வலிக்கிறது.

லிஃப்ட் நன்றாகப் பொருந்துவது உங்களைப் போன்றவர்களுக்குத்தான். ஆனால் எடை ஒரே நிலையில் நின்று ஆறு மாதமாவது ஆகட்டும். மறுபடி ஏறி இறங்கினால் தோல் மறுபடி தளரும். புரதம், இரும்புச் சத்து குறைவாக இருந்தால் தையல் ஆறத் தாமதமாகும், அதனால் ரத்தப் பரிசோதனை அவசியம்.

ஒரு பக்கம் புற்றுநோய்க்காக எடுத்து, புதிதாக மார்பகம் அமைத்தார்கள். இன்னொரு பக்கம் சரிந்து கிடக்கிறது. இதைச் சரிசெய்யக் கேட்டால் வீட்டில் "இனி எதற்கு அழகு" என்கிறார்கள்.

அம்மா, இது அழகுக்காகக் கேட்பது இல்லை. இரண்டு பக்கமும் சமமாக வருவதற்கு மற்ற மார்பகத்தை உயர்த்துவதோ குறைப்பதோ சிகிச்சையின் ஒரு பகுதிதான். தயங்காமல் கேளுங்கள், வீட்டாரையும் கூட்டிக்கொண்டு போங்கள், டாக்டர் வாயால் கேட்டால் புரிந்துகொள்வார்கள்.

சிஸ்டர், தாய்ப்பால் கொடுத்ததால்தான் தொங்கியதா? அடுத்த குழந்தைக்கு முன்னால் செய்துகொள்ளலாமா?

தாய்ப்பாலின் மேல் பழி போடாதீர்கள். கர்ப்பத்தில் மார்பு பெருத்துச் சுருங்குவது, வயது, எடை ஏறி இறங்குவது, புகை, இவைதான் காரணம். இன்னொரு குழந்தை வேண்டுமென்றால் பொறுப்பது நல்லது, கர்ப்பத்தில் மறுபடி தளரலாம், ஆபரேஷனால் பால் சுரப்பும் குறையலாம்.

ஒரு பக்கம் மட்டும் சில மாதங்களாக வடிவம் மாறியிருக்கிறது, காம்பு உள்ளே இழுத்தது போல் இருக்கிறது. லிஃப்ட் செய்யலாமா?

லிஃப்ட் பேச்சை இப்போதைக்கு விடுங்கள். இந்த வாரமே மார்பக டாக்டரைப் பாருங்கள். காம்பு புதிதாக உள்வாங்குவது, காம்பில் ஆறாத சொறி, தோலில் குழி, கட்டி, ரத்தக் கசிவு, இதில் எது இருந்தாலும் முதலில் மேமோகிராம் என்கிற மார்பக எக்ஸ்ரே, ஸ்கேன். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

புகை பிடிப்பேன். டாக்டரிடம் சொல்ல வேண்டுமா?

கட்டாயம். நிகோடின் ரத்தக் குழாயைச் சுருக்கும், நகர்த்தி வைத்த முலைக்காம்புக்கு ரத்தம் போதாமல் அது கறுத்து அழுகிவிடக்கூடும். குறைந்தது நான்கு வாரம் முன்னாலும், பிறகு புண் ஆறும் வரையிலும் நிறுத்தியே ஆக வேண்டும்.

உடற்பயிற்சி, களிம்பு எதிலாவது தூக்காதா?

தூக்காது. மார்பகத்துக்குள் தசை இல்லை. பயிற்சியால் அடியில் இருக்கும் தசை பலப்படும், தோல் சுருங்காது.

தழும்பு எப்படி இருக்கும்? எனக்கு 2 வயதுக் குழந்தை, எப்போது தூக்கலாம்?

தொய்வைப் பொறுத்து காம்பைச் சுற்றி மட்டும் வெட்டலாம், அதிலிருந்து கீழே ஒரு கோடும் சேரலாம், மடிப்பிலும் ஒரு கோடு வரலாம். மங்க ஒரு வருடம்வரை ஆகும், முழுவதும் மறையாது. காம்பில் உணர்ச்சி குறைவதும் உண்டு, சிலருக்கு அது திரும்பாது, இதைத் தெரிந்துகொண்டே கையெழுத்துப் போடுங்கள். குழந்தையை நான்கிலிருந்து ஆறு வாரம் தூக்க வேண்டாம். நீங்கள் சாய்ந்து உட்கார்ந்து, மார்பின் மேல் ஒரு சின்னத் தலையணையை வைத்துக்கொண்டு, வேறொருவரைக் குழந்தையைத் தூக்கி மடியில் வைக்கச் சொல்லுங்கள்.