பார்வையற்றோருக்காக நூல்களை மாற்றித் தரும் தொண்டு நிறுவனங்கள் பதிப்பாளரிடம் அனுமதி பெற வேண்டுமா?

இந்தியாவில் தேவையில்லை. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்தின்படி, மாற்றுத்திறனாளிகளுக்காக இலாப நோக்கின்றிச் செயல்படும் எந்த அமைப்பும் ஒரு நூலைப் பிரெய்லாகவோ, ஒலிநூலாகவோ, திரைவாசிப்பு மென்பொருளுக்கு ஏற்ற மின்கோப்பாகவோ மாற்றித் தரலாம். ஆனால் தயாரிப்புச் செலவுக்கு மேல் வாங்கக் கூடாது என்பதோடு, அப்பிரதிகள் வணிகச் சந்தைக்குள் நுழையாமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். ஆகவே, இவ்வமைப்புகள் உறுப்பினராகச் சேர்வோரிடம் மாற்றுத்திறனாளி சான்று கேட்பதை வீண் கெடுபிடி என்று கருத வேண்டாம்.

இவ்வாறு பல தொண்டு அமைப்புகள் உருவாக்கிய நூல்களை, 2016இல் தொடங்கப்பட்ட ‘சுகம்ய புஸ்தகாலயா’ என்னும் இணைய நூலகத்தில் தேடலாம். தமிழ் நூல்களைப் பொறுத்தவரை, என் கணிப்பில், சட்டத்தைவிடப் பெரிய தடை மெய்ப்புப் பார்ப்பதுதான்: வருடிய (ஸ்கேன் செய்த) பக்கத்தை எழுத்தாக மாற்றும் மென்பொருள் ரகரத்தையும் துணைக்காலையும் குழப்பிக்கொள்வதால், தன்னார்வலர் ஒருவர் வரிவரியாகத் திருத்திய பிறகே நூல் கேட்கத் தகுந்ததாகிறது.