கையை வீசி ஆடும் வீடியோ கேம்களில், பட்டனிலும் ஆட வழி வேண்டுமா?

வேண்டும் என்றுதான் சொல்வேன். கன்ட்ரோலரைப் பிடித்து வீசினால், சாய்த்தால், திரையில் இருப்பவரும் அதையே செய்வார். அதுதான் அசைவுக் கட்டுப்பாடு. கை எவ்வளவு வேகமாக நகர்கிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை உள்ளே இருக்கும் சிறு சென்சார்கள் அளக்கின்றன. 2006இல் நின்டெண்டோ நிறுவனத்தின் 'வீ' (Wii) என்ற கேம் கருவி வந்தபோது அதன் பெரிய கவர்ச்சியே இதுதான்.

ஆனால் தோள்வலி, கைநடுக்கம், மூட்டுவாதம் உள்ளவர்களுக்கு அந்த வீச்சு வராது. ரயில் பெர்த்தில் படுத்தபடி ஆடுபவருக்கு வீச இடமே இருக்காது. வீட்டில் அம்மி மட்டும் இருப்பது போலத்தான் இது. அம்மிச் சட்னியின் ருசியை யாரும் மறுக்கவில்லை. தோள் பிடித்துக்கொண்ட பாட்டிக்கு மட்டும் அன்றைக்குச் சட்னி கிடையாது. பக்கத்தில் ஒரு மிக்சி இருந்தால் அம்மிக்கு என்ன குறை?

'செல்டா: ஸ்கைவர்ட் ஸ்வோர்ட்' கேமையே பாருங்கள். 2011இல் வீயில் வந்தபோது கன்ட்ரோலரை வாளாக வீசியே ஆக வேண்டும். 2021இல் அதே நிறுவனத்தின் 'ஸ்விட்ச்' என்ற கருவிக்கு வந்தபோது, கட்டைவிரலால் நகர்த்தும் வலது ஸ்டிக்கைத் தள்ளி வாள் வீசும் வழியையும் சேர்த்தார்கள். ('ஸ்விட்ச் லைட்' என்ற சிறிய மாடலில் கன்ட்ரோலரைக் கழற்றி வீசவே முடியாது; அதற்கும் இது தேவைப்பட்டது.)

அப்புறம், பட்டன் வந்தால் ஆட்டம் சப்பென்று சுலபமாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அந்த கேமில் எதிரி ஒரு பக்கம் வாளைப் பிடித்துத் தடுத்தால், ஸ்டிக்கையும் காலியான பக்கம் பார்த்துத்தான் தள்ள வேண்டும். திசை தப்பினால் வெட்டு விழாது.