தேன் தடவினால் முடியின் நிறம் குறையுமா?

கேள்வி: என் தலைமுடி நல்ல கறுப்பு. ப்ளீச் போட மனமில்லை. சமையலறைப் பொருள்களாலேயே நிறத்தைக் குறைக்க முடியுமா?

பதில்: முடியும், கொஞ்சம்தான். பொன்னிறத்தை எதிர்பார்க்காதீர்கள். முடிக்குக் கருநிறம் தரும் மெலனின் என்ற நிறமி குறையும்போது கறுப்பு முடியில் முதலில் தெரிவது செம்மைதான். பலமுறை செய்தபின் வெயிலில் நின்றால் தெரிகிற செம்பழுப்புச் சாயல் வந்தாலே நல்ல பலன். இளம்பழுப்பு முடியில் மாற்றம் சீக்கிரம் தெரியும்.

தேனிலிருந்து தொடங்குங்கள். அதிலுள்ள குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்ற நொதி, தேன் கெட்டியாக இருக்கும்வரை பெரும்பாலும் சும்மா கிடக்கும். தண்ணீர் சேர்ந்ததும் சிறிதளவு ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். நிறத்தை வெளுக்கச் செய்வது அதுதான்.

காய்ச்சாத தேன் 2 மேசைக்கரண்டி, காய்ச்சி வடித்த நீர் 8 முதல் 12 மேசைக்கரண்டி. கண்ணாடிக் கிண்ணத்தில் கலந்து, அறை வெப்பத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள். கலவை நீர்த்துத்தான் இருக்கும். கெட்டியாக்கத் தேனைக் கூட்டினால் நொதி வேலை செய்யாது. ஈர முடியில் பகுதி பகுதியாகத் தடவி, ஷவர் கேப் போட்டு ஒரு மணி நேரம் விடுங்கள். முடி காய்ந்துவிட்டால் பலனில்லை. பிறகு அலசி, கண்டிஷனர் போடுங்கள். வாரம் ஒருமுறை போதும். முதல் தடவை, காதுக்குப் பின்னால் ஒரு சிறு கற்றையில் மட்டும் செய்து பாருங்கள்.

கேள்வி: தேனையும் பட்டைத் தூளையும் சேர்த்துச் சூடாக்கித் தடவினேன். நிறம் மாறவில்லை, தலை எரிந்ததுதான் மிச்சம்.

பதில்: அடுப்பில் வைத்ததுமே நொதி செயலிழந்துவிட்டது. எரிச்சலுக்குக் காரணம் பட்டை. அதிலுள்ள சின்னமால்டிஹைடு தோலைப் புண்ணாக்கக்கூடியது. நிறத்துக்காகப் பட்டையைச் சேர்க்கவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து.

கேள்வி: எலுமிச்சைச் சாறு தடவி வெயிலில் உட்கார்ந்தால் சீக்கிரம் பலன் கிடைக்குமாமே?

பதில்: கிடைக்கலாம், ஆனால் தேனைவிட முடியை அதிகம் வாட்டும். சாறும் தண்ணீரும் சம அளவு கலந்து, அதனோடு ஒரு கரண்டி கண்டிஷனர் சேர்த்து, முடியின் நடுவிலிருந்து நுனிவரை மட்டும் தெளியுங்கள். வெயிலில் அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். உடனே அலசிவிடுங்கள்.

முடியைவிடத் தோலைப் பற்றித்தான் எங்களுக்குக் கவலை. எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால், அதிலுள்ள சோராலென் என்ற பொருள் தோலைச் சுட்டுவிடும். அப்போதைக்கு ஒன்றும் தெரியாது. ஓரிரு நாள் கழித்துச் சிவந்து கொப்புளிக்கும். அது விட்டுப்போகும் கருந்தழும்பு மறைய மாதங்கள் ஆகலாம். நெற்றி, காது, கழுத்து எங்கும் சாறு வழியக் கூடாது. வெயிலுக்குப் போகுமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். குழந்தைகளுக்கு இந்த முறையே வேண்டாம்.

கேள்வி: மருதாணி போட்ட முடியில் இது எடுபடுமா? சமையல் சோடா உதவுமா?

பதில்: மருதாணியின் சாயம் முடியின் கெராட்டின் என்ற புரதத்தோடு பிணைந்துவிடும், தேனுக்கு அது அசையாது. வளர்ந்து வெட்டித்தான் போக வேண்டும், மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் என்ற கணக்கில். சமையல் சோடா மெலனினை வெளுப்பதில்லை. அதன் காரத்தன்மையால் முடியின் மேலுறை உப்பிச் சொரசொரப்பாகி, முடி உடையத் தொடங்கும்.