பேசியே நோயைக் கண்டுபிடிக்க முடியுமா?

அன்புள்ள ஐயா,

என் அண்ணனுக்கு 26 வயது. ஒரு வருடமாக வேலைக்குப் போவதில்லை. மாடி வீட்டுக்காரர்கள் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று சொல்லி ஜன்னலை எல்லாம் அடைத்துவிட்டான். போன மாதம் மனநல மருத்துவரிடம் அழைத்துப்போனோம். அண்ணனிடம் முக்கால் மணி நேரம், அப்புறம் அம்மாவிடம் தனியாக அரை மணி நேரம் பேசினார். ஸ்கிசோஃப்ரீனியா போலத் தெரிகிறது என்று மாத்திரை எழுதினார். ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னார், ஸ்கேன் இப்போது தேவையில்லை என்றுவிட்டார். வெறும் பேச்சை வைத்து எப்படிச் சொல்லலாம் என்று மாமா சண்டை போடுகிறார். ஒரு வீடியோவும் அனுப்பினார். அமெரிக்காவில் எட்டுப் பேர் காதில் குரல் கேட்கிறது என்று பொய் சொல்லி மருத்துவமனையில் சேர்ந்தார்களாம், ஒரு டாக்டருக்கும் தெரியவில்லையாம். எனக்கும் குழப்பம். அதோடு, அம்மா எல்லாவற்றையும் டாக்டரிடம் கொட்டியது அண்ணனுக்குச் செய்த துரோகம் போலவும் இருக்கிறது.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

நான் மருத்துவன் அல்ல. உங்கள் அண்ணனுக்கு என்ன என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் டாக்டர் செய்தது வெறும் பேச்சு இல்லை என்று சொல்ல முடியும்.

மனச்சிதைவு, அதாவது ஸ்கிசோஃப்ரீனியா, இருக்கிறதா இல்லையா என்று காட்டிவிடுகிற ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இன்றுவரை உலகில் எங்கும் இல்லை. டாக்டர் எழுதித் தரும் பரிசோதனைகள், வேறு ஏதாவது காரணமா என்று பார்ப்பதற்குத்தான். தைராய்டு, வலிப்பு, மூளை அழற்சி, கஞ்சா, இவற்றாலும் சந்தேகமும் குரல்களும் வரலாம். ஸ்கேன் எடுக்க வேண்டுமா என்பதே பேசிப் பார்த்துத்தான் தெரியும். சில நாளில் திடீரென்று ஆரம்பித்ததா, காய்ச்சலோ வலிப்போ வந்ததா, கை கால் மரத்துப்போனதா என்று அம்மாவிடம் கேட்டிருப்பார்.

அண்ணனிடம் என்ன கேட்டிருப்பார்? "குரல் கேட்கிறதா" என்ற ஒரு கேள்வியோடு அது முடியாது. தூங்கப் போகும் நேரத்தில் மட்டுமா, பகலிலுமா? மண்டைக்குள்ளா, வெளியிலிருந்தா? ஒரே ஆளா, இரண்டு பேரா? உங்களிடம் பேசுகிறார்களா, "இதோ இவன் எழுந்துட்டான் பாரு" என்று உங்களைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்களா? மாடி வீட்டுக்காரர்கள்தான் என்று எப்படித் தெரிந்தது? வேறு விளக்கம் இருக்க வாய்ப்பு உண்டா? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியமானது. சாதாரணச் சந்தேகம் உள்ளவர் கொஞ்சமாவது தயங்குவார். பல டாக்டர்கள் பழமொழிக்கும் பொருள் கேட்பார்கள். "யானைக்கும் அடி சறுக்கும்" என்றால் என்ன என்று கேட்டு, பதில் யானையின் காலோடு நின்றுவிடுகிறதா என்று பார்ப்பார்கள். படிப்பு எவ்வளவு என்பதையும் கணக்கில் எடுத்துக்கொண்டுதான். இதற்கிடையில் முகம், பதில் வரும் வேகம், ஒரு விஷயத்திலிருந்து இன்னொன்றுக்குப் பேச்சு தொடர்பில்லாமல் தாவுகிறதா என்பதையும் கவனித்தபடி இருப்பார்கள்.

சரி, அந்த வீடியோ. அது ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் டேவிட் ரோசன்ஹான் 1973-ல் 'சயின்ஸ்' இதழில் எழுதிய ஆய்வு. பல வருடங்கள் அதைப் பலரும் அப்படியே நம்பினார்கள். அந்த எட்டுப் பேரில் ரோசன்ஹானும் ஒருவர். பத்திரிகையாளர் சூசன்னா கஹாலன் 2019-ல் வெளிவந்த தன் புத்தகத்துக்காக அவருடைய மருத்துவமனைப் பதிவைத் தேடி எடுத்துப் பார்த்தார். குரல் கேட்கிறது என்பதோடு ரோசன்ஹான் நிறுத்தவில்லை. அதைத் தடுக்கக் காதில் செம்புப் பாத்திரம் வைத்துக்கொண்டதாகவும், தற்கொலை எண்ணம் வருவதாகவும் டாக்டரிடம் சொல்லியிருக்கிறார். கட்டுரையில் இவை இல்லை. ஒருவர் இப்படிச் சொன்ன பிறகு அவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தால்தான் அந்த டாக்டரைக் குறை சொல்ல வேண்டும்.

கஹாலனின் சொந்தக் கதையை மாமாவுக்கு அவசியம் சொல்லுங்கள். 2009-ல், 24 வயதில், அவருக்கே சந்தேகமும் இல்லாத காட்சிகளும் வலிப்பும் வந்தன. மனநோய் என்றும் குடியின் விளைவு என்றும் சொல்லப்பட்டது. ஸ்கேன்களில் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் சுஹெல் நஜ்ஜார் என்ற நரம்பியல் மருத்துவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கடிகாரம் வரையுங்கள் என்றார். ஒன்று முதல் பன்னிரண்டு வரை எல்லா எண்களையும் வட்டத்தின் வலது பாதியிலேயே எழுதினார் கஹாலன். மூளையின் வலது பக்கம் வீங்கியிருக்கிறது என்று அதை வைத்துத்தான் நஜ்ஜார் சொன்னார். நோய் எதிர்ப்பு சக்தியே மூளையைத் தாக்கும் நோய் அது. சிகிச்சையில் குணமானார். ஸ்கேன் தவறவிட்டது, எதிரே உட்கார்ந்து பார்த்ததில் கிடைத்தது.

பேசிப் பார்ப்பதில் தவறே வராது என்று சொல்லவில்லை. வந்திருக்கிறது, பெரிய அளவில். 1960-களில் லண்டனை விட நியூயார்க் மருத்துவமனைகளில் மனச்சிதைவு நோயாளிகள் மிக அதிகமாகக் கணக்கில் வந்தார்கள். ஏன் என்று ஒரு குழு ஆராய்ந்தது. அதன் ஒரு பகுதியாக, நோயாளிகளின் பேட்டிகளைப் படம் பிடித்து இரண்டு நாட்டு மருத்துவர்களிடமும் காட்டினார்கள். ஒரு அமெரிக்க இளைஞருக்கு மனச்சிதைவு என்று அமெரிக்க மருத்துவர்களில் 69 சதவீதம் பேர் சொன்னார்கள். பிரிட்டிஷ் மருத்துவர்களில் 2 சதவீதம். பார்த்தது ஒரே படம்! என்ன கேட்பது, எந்தப் பதிலை எந்த அறிகுறியாக எடுத்துக்கொள்வது என்று வரையறுத்த ஒரே முறையில் இரு ஊர் நோயாளிகளையும் பேட்டி கண்டபோது அந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்தது. உலக சுகாதார நிறுவனம் அதே முறையை ஒன்பது நாடுகளுக்கு எடுத்துப்போனது, நம் ஆக்ரா உட்பட. இன்று உங்கள் டாக்டர் கேட்கிற கேள்விகளில் அந்த அனுபவம் இருக்கிறது.

நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. செய்வினை வைத்துவிட்டார்கள் என்று அண்ணன் சொன்னால், அதுவே நோயாகிவிடாது. வீட்டில் எல்லாரும், தெருவே அதை நம்பலாம். இறந்த அப்பாவின் குரல் முதல் சில மாதங்களில் கேட்பதும் நோய் இல்லை. எந்த நம்பிக்கை வீட்டுடையது, எது அண்ணனுக்கு மட்டுமே புதிதாக வந்தது என்று டாக்டருக்கு யார் சொல்வது? அம்மாதான். அதனால் அது துரோகம் இல்லை, தங்கையே. இந்த நோயில் பலருக்குத் தனக்கு நோய் இருப்பதே தெரியாது. டாக்டர் முன் கொஞ்ச நேரம் தன்னைக் கட்டுப்படுத்திக்கொண்டு நன்றாகப் பேசிவிடவும் முடியும். குளிப்பதை எப்போது நிறுத்தினான், எந்த மாதம் நண்பர்களை விட்டான், இரவில் தனியாகப் பேசுகிறானா, இதெல்லாம் வீட்டுக்குத்தான் தெரியும். வெட்கப்பட்டு மறைக்கிற குடும்பங்கள் பின்னால் கஷ்டப்படுகின்றன. ஊனச் சான்றிதழுக்கும் இதே மாதிரி பேசித்தான் மதிப்பிடுகிறார்கள்: தன்னைப் பார்த்துக்கொள்வது, பழகுவது, பேச்சைப் புரிந்துகொள்வது, வேலை. அங்கே போய் "நல்லாத்தான் இருக்கான்" என்று சொல்லிவிட்டு வருபவர்கள் உண்டு.

அண்ணனிடம் மறைக்காதீர்கள். "எங்களுக்குப் பயமாக இருந்தது, அதைத்தான் சொன்னோம்" என்றால் போதும். குரல் பொய் என்று வாதாட வேண்டாம்.

நடந்ததையெல்லாம் தேதியோடு ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். டாக்டர் "போலத் தெரிகிறது" என்றுதான் சொல்லியிருக்கிறார். அவரும் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார், அடுத்தடுத்த சந்திப்புகளில் முடிவு மாறலாம். சண்டைக்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். உடல் விறைப்பு, கை நடுக்கம், அளவுக்கு மீறிய தூக்கம் வந்தால் உடனே அவரிடம் சொல்லுங்கள். இடையில் அவசரமாக யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 14416, அரசின் டெலி மானஸ், தமிழிலேயே பேசலாம். இன்னொரு டாக்டரிடம் கேட்பதிலும் தப்பில்லை, அவரும் பேசித்தான் பார்ப்பார்.

அடுத்த முறை மாமாவையும் கூட்டிப்போங்கள். அண்ணனைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர். டாக்டருக்கு அவரிடமும் கேட்க நிறைய இருக்கும்.