ஐந்து வைரமும் ஐம்பது லட்சம் ஃபிராங்கும்

வணக்கம்.

ரோலெக்ஸ் 'பாவோ டாய்' கடிகாரம் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். டயலில் ஐந்தே ஐந்து வைரம், அதுவும் பொடிக்கற்கள். அதற்கு ஏலத்தில் 50 லட்சம் சுவிஸ் ஃபிராங்கா? பணக்காரர்களின் கிறுக்கு என்பதைத் தாண்டி இதில் என்ன இருக்கிறது? இன்னொரு விஷயம். எங்கள் தாத்தாவின் தங்கக் கைக்கடிகாரம் வீட்டில் இருக்கிறது. இன்னமும் ஓடுகிறது. தெரிந்த நகைக்கடைக்காரர் ஒருவர், டயலில் மணிக்கோடுகளை எடுத்துவிட்டு வைரம் பதித்து, கேஸை, அதாவது வெளிக்கூட்டை, நன்றாக பாலிஷ் போட்டால் நல்ல விலைக்குப் போகும் என்கிறார். அப்பாவும் சரி என்றுவிட்டார். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. செய்யலாமா?

ஒரு வாசகர், தஞ்சாவூர்

அன்புள்ள நண்பருக்கு,

செய்யாதீர்கள். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நான் கதை சொல்லி முடிப்பதற்குள் கடிகாரம் பட்டறைக்குப் போய்விடக் கூடாது. உங்கள் மனசு சரியாகத்தான் சொல்கிறது. அதற்கான காரணம் நீங்கள் கேட்ட முதல் கேள்வியிலேயே இருக்கிறது.

பாவோ டாய் வியட்நாமின் கடைசி அரசர். 1945-இல் முடிதுறந்தார். 1949-இல் பிரெஞ்சுக்காரர்கள் அவரை அரசுத் தலைவராகத் திரும்பக் கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். 1954 மே 7 அன்று வியட்நாமில் பிரெஞ்சுப் படையின் தளமான தியன் பியன் பூ, விடுதலைக்காகப் போரிட்ட வியட் மின் படையிடம் வீழ்ந்தது. மறுநாள் ஜெனீவாவில் இந்தோசீனா பற்றிய பேச்சு தொடங்கியது. அந்த மாநாட்டுக் காலத்தில் ஜெனீவாவில் இருந்த பாவோ டாய், ஃபிலிப் பெகன் என்ற கடிகாரக் கடைக்குப் போய், ரோலெக்ஸ் செய்ததிலேயே அரிதான, விலை உயர்ந்த கடிகாரம் வேண்டும் என்று கேட்டதாகச் சொல்வார்கள். கடையில் காட்டிய எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை. ரோலெக்ஸ் நிறுவனத்திடமே கேட்டு வரவழைத்த கடிகாரம் இது. ஜூலையில் அந்த மாநாடு வியட்நாமை 17-ஆவது அட்சரேகையை ஒட்டி இரண்டாக்கியது. பாவோ டாயின் அரசு ஒப்பந்தத்தை ஏற்கவில்லை, ஆனால் அதனால் எதுவும் நிற்கவில்லை. அடுத்த ஆண்டே அவருடைய பிரதமர் ஙோ தின் தியெம் வாக்கெடுப்பு நடத்தி அவரைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டார். மீதி வாழ்க்கை பிரான்சில். 1997-இல் பாரிஸில் இறந்தார். தன் நாட்டின் தலையெழுத்து முடிவாகிற ஊரில் ஒரு மன்னர் கடிகாரம் வாங்குகிறார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபமும் வருகிறது, இரக்கமும் வருகிறது. ஏலத்தில் கையைத் தூக்கியவர்கள் இந்தக் கதைக்கும் சேர்த்துத்தான் பணம் கொடுத்தார்கள்.

ஆனால் கதை மட்டுமே காரணம் இல்லை. டயலைப் பார்க்க வேண்டும்.

மாடல் எண், ரோலெக்ஸ் மொழியில் ரெஃபரன்ஸ், 6062. மஞ்சள் தங்கம், 36 மில்லிமீட்டர். 1950-களின் தொடக்கத்தில் சில ஆண்டுகள் மட்டும் ரோலெக்ஸ் செய்த மாடல். மேலே கிழமைக்கும் மாதத்துக்கும் இரண்டு சின்ன ஜன்னல்கள், தேதியைக் காட்டத் தனி முள், கீழே ஆறு மணி இடத்தில் நிலவின் பிறை காட்டும் வட்டம். இதில் கறுப்பு டயலும் வைரக் குறியும் சேர்ந்து வந்தவை உலகத்தில் மூன்றுதான் தெரியவந்திருக்கின்றன. மற்ற இரண்டிலும் ஒற்றைப்படை மணிகளில் வைரம். இது ஒன்றில்தான் இரட்டைப்படை மணிகளில்: 12, 2, 4, 8, 10. ஆறில் நிலவு இருப்பதால் அங்கே கல் இல்லை.

இப்போது பன்னிரண்டு மணி இடத்தைக் கவனியுங்கள். வழக்கமாக அங்கே ரோலெக்ஸின் கிரீடச் சின்னம் இருக்கும். இங்கே அந்த இடத்தை வைரம் எடுத்துக்கொண்டது. அதனால் கிரீடத்தைக் கீழே இறக்கி, அங்கிருந்த எழுத்துகளை வேறிடத்துக்கு மாற்றி அச்சடித்திருக்கிறார்கள். ஒரு கல்லுக்காக மொத்த டயலையும் மறுபடி யோசித்திருக்கிறார்கள். எனக்கு இந்தக் கடிகாரத்தில் ஆகப் பிடித்த விஷயம் இதுதான். கல் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது அல்ல, டயல் பிறக்கும்போதே கூடப் பிறந்தது.

பின்னால் பதித்த டயலை லென்ஸ் வைத்துப் பார்த்தால் இதற்கு நேர்மாறாக இருக்கும். ஏற்கெனவே அச்சடித்த தகட்டில் துளை போடுவார்கள். கல்லுக்குப் பக்கத்தில் பழைய கோட்டின் நுனி எட்டிப் பார்க்கும், பெயின்ட் உதிர்ந்திருக்கும், கற்கள் ஒரே வட்டத்தில் நிற்காது. எழுத்து மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். பழகிய கண்ணுக்கு இது சட்டென்று பிடிபடும். அப்புறம் அந்தக் கடிகாரத்துக்குச் சேகரிப்பாளர்களிடம் விலை கிடையாது. தங்கத்தின் எடைக்கும் கல்லுக்கும் என்ன வருமோ அதுதான்.

குடும்பத்தார் இந்தக் கடிகாரத்தை 2002-இல் ஃபிலிப்ஸ் ஏலத்தில் விற்றார்கள். ஏறத்தாழ 3,42,000 ஃபிராங்க். ஏலத்தில் ஒரு ரோலெக்ஸுக்கு அதுவரை கிடைக்காத விலை அது. 2017 மே மாதம் ஜெனீவாவில் அதே ஏல நிறுவனம் மறுபடி கொண்டுவந்தபோது 50,66,000 ஃபிராங்க், அன்றைய மதிப்பில் சுமார் 32 கோடி ரூபாய். அந்தப் பதினைந்து ஆண்டில் வைரம் வளரவில்லை. பழைய கடிகாரங்களைத் தேடுகிறவர்களுக்குக் கண் வளர்ந்தது, பணமும் வளர்ந்தது. இந்த விலை முழுக்க நியாயம் என்று நான் வாதாட வரவில்லை. ஆனால் கிறுக்கு என்று ஒதுக்கவும் மாட்டேன். மூன்றில் ஒன்று, மூன்றிலும் தனி, யார் கையில் இருந்தது என்று தெரியும், யாரும் கைவைத்துக் கெடுக்கவில்லை. இவ்வளவும் ஒன்றாகச் சேர்வது மிக மிக அரிது.

விலை கல்லில் இல்லை என்பதற்கு அதே 2017 அக்டோபரிலேயே சாட்சி கிடைத்தது. நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த ரோலெக்ஸ் டேடோனா நியூயார்க்கில் 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல் போனது. எஃகுக் கடிகாரம், ஒரு கல் கிடையாது. கவனமாக வண்டி ஓட்டும்படி அவர் மனைவி பின்மூடியில் பொறித்துக் கொடுத்த வரி மட்டும் இருந்தது.

இனி உங்கள் தாத்தாவின் கடிகாரம். அது கோடிக்குப் போகும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பாலிஷ் போட்டால் கேஸின் விளிம்புகள் மழுங்கும், பின்மூடியில் உள்ள முத்திரையும் எண்ணும் தேயும். தேய்ந்தது திரும்பாது. உள்ளே எண்ணெய் மாற்றிச் சுத்தம் செய்யக் கொடுப்பது நல்லதுதான். கொடுக்கும்போதே 'பாலிஷ் வேண்டாம், டயலைத் தொட வேண்டாம், மாற்றுகிற பழைய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும்' என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கிய ரசீது, பெட்டி, தாத்தா அதைக் கட்டிக்கொண்டு எடுத்த புகைப்படம் எது கிடைத்தாலும் ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள். அப்பாவிடம் இந்தப் பதிலைக் காட்டுங்கள். பகல் வெளிச்சத்தில் டயலையும் பின்மூடியையும் படமெடுத்து அனுப்பினால் என்ன மாடல், எந்தக் காலத்தது என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்.